இல்லாத நாட்டுக்கு ஒரு பாஸ்போர்ட்

உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்து, புகைப்படம் இருக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பக்கத்தின் அடியில் நெருக்கமாக இரண்டு வரிகள் ஓடும். எழுத்துகள், எண்கள், இடையிடையே அம்புமுனை போன்ற அடையாளங்கள். விமான நிலைய கவுன்ட்டரில் இயந்திரம் படிப்பது இந்த வரிகளைத்தான். முதல் வரியின் தொடக்கத்திலேயே மூன்றெழுத்தில் நம் நாட்டின் குறியீடு இருக்கும். எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்தாலும் இதே அமைப்புதான். ஐக்கிய நாடுகள் குடும்பத்தைச் சேர்ந்த சர்வதேச விமானப் போக்குவரத்து நிறுவனம் இதற்கென்று ஒரு கையேடு வைத்திருக்கிறது. அதன் எண் 9303. பாஸ்போர்ட் எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட, அந்தக் கையேட்டில் ஒரு மாதிரிப் பாஸ்போர்ட்டை அச்சிட்டிருக்கிறார்கள். அதை வைத்திருப்பவர் பெயர் அன்னா மரியா எரிக்சன். அவருடைய நாடு யுட்டோபியா.

அப்படியொரு பெண் கிடையாது. அப்படியொரு நாடும் கிடையாது. இருந்தும், உலகத்து அரசுகள் எல்லாம் ஏற்றுக்கொண்ட கையேட்டில் அந்த நாட்டுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. 500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதர் எழுதிய கதையிலிருந்து கிளம்பி அது இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

அவர் இங்கிலாந்தின் தாமஸ் மோர். 1516-ல், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லூவெய்ன் நகரில் லத்தீன் மொழியில் அந்தச் சிறிய புத்தகம் அச்சானது. பெயரைக் கிரேக்கச் சொற்களிலிருந்து கட்டினார். 'எங்கும் இல்லாத இடம்' என்று பொருள். உச்சரிப்பைச் சற்றே மாற்றினால் 'நல்ல இடம்' என்றும் ஆகும். தங்கத்தில் மலச்சட்டி செய்து வைத்திருக்கும் மக்கள், யாருக்கும் தனிச்சொத்து இல்லாத ஊர்கள், அந்தத் தீவுக்கென்று தனி எழுத்து வடிவங்கள், ஒரு வரைபடம் எல்லாம் புத்தகத்தில் உண்டு. தீவு எங்கே இருக்கிறது என்பது மட்டும் இல்லை. அதற்கு மோரின் நண்பர் பீட்டர் கைல்ஸ் ஒரு காரணம் எழுதிவைத்தார். அங்கே போய்வந்த பயணி இடத்தைச் சொன்ன நேரம் பார்த்து, பக்கத்தில் இருந்த ஒருவர் பலமாக இருமிவிட்டாராம். காதில் விழவில்லையாம்.

நான் அந்த இருமலை மறக்கவே மாட்டேன். ஏனென்றால் அதே புத்தகத்தின் முதல் பகுதியில் உண்மையான இங்கிலாந்து இருக்கிறது. விளைநிலத்தை வளைத்து ஆட்டுப்பட்டி ஆக்கிய பிரபுக்கள், பிழைக்க வழியில்லாமல் தெருவுக்கு வந்த உழவர்கள், வயிற்றுக்காகத் திருடியவனைத் தூக்கில் போட்ட நீதி. இதையெல்லாம் நேரடியாகச் சொல்ல முடியாதபோது எங்கோ ஒரு தீவைக் காட்டி, 'அங்கே இப்படி இல்லையாம்' என்று சொல்ல வேண்டியிருந்தது. பின்னாளில் 1535-ல், வேறொரு விஷயத்தில் மன்னருக்குத் தலையசைக்க மறுத்ததற்காக மோரின் தலை வெட்டப்பட்டது.

இந்தக் கட்டுரைக்காகக் கதைகளிலும் திரையிலும் காமிக்ஸிலும் இருக்கும் கற்பனை நாடுகளை மறுபடி ஒரு சுற்று சுற்றி வந்தேன். போன இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான் கூடவே வந்தது. இந்த நாட்டை உண்டாக்கியவர் யார்? யாருடைய மண்ணில் உண்டாக்கினார்?

முடிசூட வந்த அந்நியன்

அந்தோணி ஹோப் லண்டனில் வழக்கறிஞராக இருந்தவர். 1894-ல் அவர் எழுதிய 'ஜெண்டாவின் கைதி' நாவலில் ருரிட்டானியா என்ற நாடு வந்தது. தலைநகர் ஸ்ட்ரெல்சாவ். ஜெர்மன் பேசும் மக்கள், டிரெஸ்டனிலிருந்து ரயில் ஏறினால் போய்விடலாம். முடிசூட்டு விழாவுக்கு முந்தின இரவு அரசனுக்கு மயக்கமருந்து கலந்து கொடுத்துவிடுகிறார்கள். அச்சு அசல் அவனைப் போலவே இருக்கும் ஓர் ஆங்கிலேயன் மறுநாள் அவனுக்குப் பதிலாக முடிசூட்டிக்கொள்கிறான். இளவரசியைக் காதலிக்கிறான், சதியை முறியடிக்கிறான், கடைசியில் காதலையும் மகுடத்தையும் விட்டுவிட்டு ஊர் திரும்புகிறான்.

புத்தகம் விற்ற வேகத்தில் ஹோப் வக்கீல் தொழிலையே விட்டுவிட்டார். ருரிட்டானியா என்பது ஒரு கதைவகைக்கே பெயரானது. இன்னொரு இடத்திலும் அது குடியேறியது. 'ருரிட்டானியா நாட்டுக் குடிமகன் ஒருவன்...' என்று தொடங்கும் உதாரணங்கள் சர்வதேசச் சட்டப் பாடங்களில் இன்றும் உண்டு. வக்கீல் ஒருவர் உருவாக்கிய நாடு வக்கீல்களிடமே போய்ச் சேர்ந்தது பொருத்தம்தான்.

எனக்கு அந்த நாவலில் ஒரு குறை உண்டு. ருரிட்டானியாவின் மக்கள் கதையில் எதற்கும் இல்லை. தெருவோரம் நின்று கைதட்டுகிறார்கள், அவ்வளவே. நாட்டைக் காப்பாற்றுவது வெளியிலிருந்து வந்த ஒரு கனவான்.

இந்தக் குறையைத் தமிழ்நாட்டில் ஒருவர் சரிசெய்தார் என்பதைப் பெருமையோடு எழுதுகிறேன். 1958 ஆகஸ்ட் 22-ல் வெளியான 'நாடோடி மன்னன்', எம்.ஜி.ஆர். தயாரித்து, முதன்முறையாக இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த படம். ஜெண்டாவின் ஆள்மாறாட்டம் அப்படியே இருக்கிறது. நாட்டின் பெயர் ரத்தினபுரி. ஆனால் மன்னன் மார்த்தாண்டனுக்குப் பதிலாக அரியணை ஏறும் வீராங்கன், சீமையிலிருந்து வந்த விருந்தாளி அல்ல. அதே மண்ணில் பட்டினியைப் பார்த்தவன், மன்னராட்சியையே கேள்வி கேட்டவன். மகுடம் கைக்கு வந்ததும் ஏழைகளுக்காகச் சட்டம் போடுகிறான். அந்தக் காட்சிகளில் திரையரங்கு எப்படி அதிர்ந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தி.மு.க. முதன்முறையாகத் தேர்தலில் நின்று 15 சட்டமன்ற இடங்களைப் பிடித்திருந்த மறுவருடம் அது. படத் தயாரிப்பு நிறுவனத்தின் சின்னத்திலேயே ஓர் ஆணும் பெண்ணும் கட்சிக்கொடியைப் பிடித்து நின்றார்கள். ரத்தினபுரி என்பது எந்த ஊர் என்று தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 19 ஆண்டுகள் கழித்து, 1977-ல், வீராங்கனாக நடித்தவர் கோட்டையில் முதலமைச்சராக உட்கார்ந்தார்.

சிறுவயதில் டூரிங் டாக்கீஸில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடத்து அட்லஸில் ரத்தினபுரியைத் தேடியவன் நான். கிடைத்தும் விட்டது. இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், மாணிக்கக் கல் தோண்டும் ஊருக்குத் தமிழில் இரத்தினபுரி என்றுதான் பெயர். படத்து ரத்தினபுரிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று புரிய வெகுநாள் ஆனது.

அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்களின் நாட்டுப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் ஓர் அழகு தெரியும். 1950-ல் கருணாநிதி வசனத்தில் வந்த 'மந்திரி குமாரி'யின் கதை நடப்பது முல்லை நாட்டில். அதே வருடம் 'மருதநாட்டு இளவரசி'. 1965-ல் பந்துலுவின் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் நெய்தல் நாடு. முல்லை, மருதம், நெய்தல். சங்கப் பாட்டின் திணைகளிலிருந்து நாடுகளை வெட்டி எடுத்திருக்கிறார்கள். காடும் வயலும் கடலும் ஏற்கெனவே தமிழ் மனத்தில் பெயரோடு இருந்ததால், வெறும் ஒரு சொல்லில் நாடு கண்முன்னே வந்துவிட்டது. 'ஆயிரத்தில் ஒருவன்' தழுவிய, ரஃபேல் சபாட்டினியின் 'கேப்டன் பிளட்' என்ற ஆங்கிலக் கடற்கதையில் மருத்துவன் அடிமையாக விற்கப்படும் இடம் பார்படோஸ். நம் மருத்துவன் மணிமாறன் நெய்தல் நாட்டிலிருந்து கன்னித்தீவுக்கு விற்கப்பட்டான். கன்னித்தீவு என்ற பெயர் 'தினத்தந்தி' வாசகர்களுக்கு அதற்கும் முன்பே பழக்கம். சிந்துபாத் கதையாக 1960-ல் தொடங்கிய அந்தப் படத்தொடர் 60 வருடங்களைத் தாண்டியும் ஓடியது. தாத்தாவும் பேரனும் ஒரே தீவுக்கு வழி தேடிய வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம்.

ஒரே கரை, இரண்டு கற்பனைகள்

இப்போது நடு அமெரிக்காவுக்குப் போவோம். ஹோண்டுராஸ் நாட்டின் கரீபியக் கடற்கரை. உலகத்தில் இந்தக் கரைக்கு நேர்ந்த அநியாயம் வேறு எந்தக் கரைக்கும் நேர்ந்திருக்காது. இரண்டு முறை இதன்மேல் கற்பனை நாடு வரையப்பட்டது.

முதலாவது, போயாய்ஸ். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிரிகர் மெக்கிரெகர், தென் அமெரிக்க விடுதலைப் போரில் பொலிவாரின் படையில் சண்டை போட்ட தளபதி. 1820-ல் மஸ்கிட்டோ கரையின் அரசரிடம் சாராயத்தையும் நகைகளையும் கொடுத்து, சுமார் 80 லட்சம் ஏக்கர் நிலத்துக்கு உரிமைப் பத்திரம் எழுதி வாங்கினார். மறுவருடம் லண்டனில் வந்து இறங்கியபோது தன்னைப் 'போயாய்ஸ் நாட்டின் தலைவர்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். அந்த நாட்டைப் பற்றி 350 பக்கத்துக்கும் மேற்பட்ட வழிகாட்டிப் புத்தகம் வந்தது. வருடத்துக்கு மூன்று போகம் சோளம், ஆற்றில் தங்கத்துகள், அகலமான வீதிகளும் நாடகக் கொட்டகையும் கொண்ட தலைநகர் என்று எல்லாம் எழுதியிருந்தது. போயாய்ஸ் அரசின் பெயரில் 2 லட்சம் பவுண்டுக்குக் கடன் பத்திரம் லண்டன் சந்தையில் விற்கப்பட்டது. போயாய்ஸ் டாலர் நோட்டுகளும் அச்சாயின.

1822 செப்டம்பரில் ஒரு கப்பல், 1823 ஜனவரியில் இன்னொரு கப்பல். இரண்டிலுமாகச் சுமார் 250 பேர் கிளம்பினார்கள். வாழ்நாள் சேமிப்பான ஸ்காட்லாந்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு, போயாய்ஸ் டாலரை மடியில் முடிந்துகொண்டு குழந்தை குட்டிகளோடு ஏறினார்கள். போய் இறங்கிய இடத்தில் சதுப்பும் காடும் கொசுவும்தான். நகரம் இல்லை, துறைமுகம் இல்லை, கையில் இருந்த நோட்டை வாங்கிக்கொள்ள ஒரு கடைகூட இல்லை. 'போயாய்ஸ் இளவரசிக்கு அரச செருப்புத் தொழிலாளி' என்ற வேலை காத்திருக்கிறது என்று நம்பி, எடின்பரோவில் மனைவி மக்களை விட்டுவந்த ஒருவர், காய்ச்சலில் படுத்த படுக்கையாகக் கிடந்து தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். 250 பேரில் ஏறக்குறைய 180 பேர் இறந்தார்கள். பிரிட்டனுக்கு உயிரோடு திரும்பியவர்கள் 50 பேருக்கும் குறைவு. மெக்கிரெகர் 1845-ல் கராகஸ் நகரில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார்.

இதைக் கதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் கையாண்டவை கதைக்காரனின் கருவிகள்தான். வரைபடம், பணநோட்டு, கொடி, தலைநகரின் வீதிகள்.

அதே கரையில், மேற்கே கொஞ்சம் தள்ளி இருக்கும் ஊர் ட்ரூஹியோ. 1896-ல் அமெரிக்காவின் டெக்சாஸிலிருந்து ஒருவர் அங்கே ஓடி வந்து ஒளிந்தார். வங்கியில் காசாளராக இருந்தபோது பணம் கையாடியதாக அவர் மீது வழக்கு. மனைவி சாகக் கிடக்கிறாள் என்று தெரிந்து 1897-ல் ஊர் திரும்பினார். பிறகு சிறை. இந்த மனிதரை ஓ. ஹென்றி என்ற பெயரில் உலகம் அறியும். சிறையிலிருந்து வந்தபின் 1904-ல் வெளியிட்ட தன் முதல் புத்தகத்தில், தான் ஒளிந்திருந்த அந்த நாட்டுக்கு ஆன்சூரியா என்று பெயர் வைத்தார். ஒரு பழக் கம்பெனி நினைத்தால் அரசாங்கத்தை மாற்றிவிடக்கூடிய சின்ன நாடு. அந்த நாட்டைக் குறிக்க அவர் போட்ட சொல்தான் 'வாழைப்பழக் குடியரசு'.

அவர் எழுதியதில் பொய் இல்லை. அமெரிக்காவின் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி நடு அமெரிக்காவில் செய்ததெல்லாம் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. ஆனால் சொல் போன திசையைப் பாருங்கள். வாழைத்தாரை வெட்டி ஏற்றிக்கொண்டுபோன கம்பெனிக்கு அது வசைச்சொல்லாகவில்லை. வாழை விளைந்த மண்ணுக்குத்தான் வசையானது. இன்றைக்கும் ஒரு நாட்டில் குழப்பம் என்றால் பேச்சாளர்கள் சட்டென்று எடுத்து வீசுவது இந்தச் சொல்லைத்தான். நம் தலையங்கங்களிலும் பார்க்கிறோம். ஹோண்டுராஸ்காரர் ஒருவர் அதைப் படித்தால் அவர் மனம் என்ன பாடுபடும் என்று எழுதுகிறவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

விமானத்தில் படித்த துண்டுப் பிரசுரம்

டின்டின் காமிக்ஸைப் படித்தவர்களுக்கு சில்டேவியா தெரிந்திருக்கும். பெல்ஜியத்தின் எர்ஜே 1938 ஆகஸ்டில் தொடங்கி ஒரு வருடம் பத்திரிகையில் தொடராக வரைந்த 'ஒட்டோகர் மன்னரின் செங்கோல்' நடப்பது அங்கே. பால்கன் பகுதியில், கொடியில் கறுப்புக் கூழைக்கடாப் பறவை உள்ள குட்டி நாடு. டின்டின் விமானத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுலாத் துண்டுப் பிரசுரத்தைப் பிரிக்கிறான். அடுத்த மூன்று பக்கங்களுக்குக் கதை நின்றுவிடுகிறது. நாம் படிப்பது அந்தப் பிரசுரத்தையேதான். நாட்டின் வரலாறு, நாட்டுப்புற உடை, துருக்கியரோடு நடந்த ஒரு போரைக் காட்டும் பழைய ஓவியம். அந்த ஓவியத்தில் ஒவ்வொரு குதிரைவீரனையும் தனித்தனியே வரைந்திருக்கிறார். பிரஸ்ஸல்ஸின் பழைய குடியிருப்புப் பகுதியில் பேசிய கொச்சை மொழியை எடுத்து, சில்டேவிய மொழியாக மாற்றினார். நடக்காத போருக்கும் இல்லாத மொழிக்கும் ஒரு மனிதர் இத்தனை உழைத்திருக்கிறாரே என்று அந்தப் பக்கங்களை எத்தனை முறை பார்த்தாலும் வியக்கிறேன்.

அந்த உழைப்புக்குக் காரணம் இருந்தது. தொடர் ஆரம்பிப்பதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னால்தான் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியிருந்தார். கதையில் பக்கத்து நாடான போர்டூரியா, உள்ளூர்ச் சதிகாரர்களை வைத்து சில்டேவியாவை விழுங்கப் பார்க்கிறது. சதிக்குத் தலைவன் பெயர் முஸ்ட்லர். முசோலினியின் தலை, ஹிட்லரின் வால். 1940 மே மாதம் பெல்ஜியமே ஜெர்மானியர் கைக்குப் போனது.

இதே எர்ஜே சில வருடங்களுக்கு முன் காங்கோ என்ற உண்மையான நாட்டுக்கு டின்டினை அனுப்பியிருந்தார். பெல்ஜியத்தின் காலனியாக இருந்த காங்கோவின் மக்களை அந்தக் கதையில் மிகக் கேவலமாக வரைந்தார். உண்மையான நாட்டைப் பற்றிப் பொய்யும், பொய்யான நாட்டைப் பற்றி உண்மையும் ஒரே பேனாவிலிருந்து வந்தன. காங்கோவை மேலே நின்று பார்த்தார். சில்டேவியாவை வரையும்போது தன் வீட்டுக்கும் அதே ஆபத்து வரும் என்று பயந்தார். எனக்குப் படுகிற காரணம் இதுதான்.

பயமே இல்லாத ஒரு நாட்டையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நம் பக்கத்துக் கடலில் இருந்தது. 1977 ஏப்ரல் 1 அன்று லண்டன் 'கார்டியன்' நாளிதழ் சான் செரிஃப் என்ற தீவு நாட்டுக்கு ஏழு பக்க இணைப்பு போட்டது. தலைநகர் பெயர், சர்வாதிகாரியின் பெயர் எல்லாம் அச்சுத்தொழில் சொற்கள். முதலில் அட்லாண்டிக்கில் டெனரீஃபுக்கு அருகே வைக்க நினைத்தார்கள். சில நாட்களுக்கு முன் அங்கே இரண்டு ஜம்போ விமானங்கள் மோதிப் பெருந்துயரம் நடந்துவிட்டதால், தீவை இந்தியப் பெருங்கடலுக்கு மாற்றினார்கள். மேற்குக் கரை அரித்து, கிழக்குக் கரை வளர்ந்து, வருடத்துக்கு 1.4 கிலோமீட்டர் நகர்ந்து ஒருநாள் இலங்கையில் வந்து மோதும் என்றும் எழுதினார்கள். படித்துவிட்டு டிக்கெட் கேட்டவர்கள் உண்டு.

கைது செய்யச் சொன்ன நாவல் பாத்திரம்

ஆப்பிரிக்கா என்றாலே வெளியூர்க்காரர்களுக்குக் கை ஊறும். முகமூடி அணிந்த ஃபேண்டம் என்ற காமிக்ஸ் வீரனின் கதையை லீ ஃபால்க் 1936-ல் தொடங்கியபோது, அவன் வாழும் காடு ஆசியாவும் ஆப்பிரிக்காவும் கலந்த எங்கோ ஓரிடம். பெயரில் வங்காளத்தின் சாயல். பிற்பாடு முழுக்க ஆப்பிரிக்காவுக்கு நகர்த்திவிட்டார்கள். இந்தியாவில் 1964-ல் இந்திரஜால் காமிக்ஸ் வந்தபோது, வங்காளத்தோடு குழம்பக்கூடாது என்று 'டெங்காலி' ஆக்கினார்கள். கதையில் வரும் சிங் கொள்ளையர்கள் 'சிங்கா' ஆனார்கள். தன் பெயர் கெட்டுவிடக்கூடாது என்று ஒரு நாடு அக்கறைப்பட்டால், கற்பனை வரைபடத்தையும் திருத்த முடியும் என்பதற்கு இது சாட்சி. அந்தக் காட்டு மக்களுக்காக அப்படிக் கேட்பதற்குத்தான் அப்போது ஆள் இல்லை.

1966 ஜூலையில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் வகாண்டாவைக் கொண்டுவந்தார்கள். யாருக்கும் அடிமைப்படாத, விஞ்ஞானத்தில் எல்லோரையும் முந்திய ஆப்பிரிக்க நாடு. உருவாக்கியவர்கள் இருவரும் நியூயார்க்கின் வெள்ளையர்கள். 2018-ல் கறுப்பின இயக்குநர் ரையன் கூக்ளர் அதைத் திரைப்படமாக்கியபோது நாடு வேறு கைக்கு வந்தது. மக்கள் பேசியது தென்னாப்பிரிக்காவின் கோசா மொழி. போர்வீரர்கள் போர்த்தியிருந்தது லெசோத்தோ மக்களின் போர்வை. உடைகளை வடிவமைத்த ரூத் கார்ட்டர், அந்தத் துறையில் ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினப் பெண் ஆனார். சவுதி அரேபியாவில் 35 ஆண்டுத் தடை நீங்கி, ரியாத்தில் திரையரங்கு திறந்தபோது முதலில் ஓடியதும் இந்தப் படம். 2019 டிசம்பரில் அமெரிக்க வேளாண் துறையின் இணையப் பட்டியலில் வகாண்டா தடையற்ற வர்த்தகக் கூட்டாளியாக வந்துவிட்டது. வாத்து, கழுதை, கறவைமாடு என்று சரக்கு விவரம்கூட இருந்தது. சோதனைக்காகப் போட்டதை எடுக்க மறந்துவிட்டோம் என்றார்கள்.

இதையெல்லாம்விட என்னை உலுக்கியது கென்யாவில் நடந்தது. கூகி வா தியாங்கோ 1977-ல் கைதாகி, விசாரணையின்றி ஒரு வருடம் சிறையில் இருந்தவர். சிறைக் கழிப்பறைக் காகிதத்தில் கிகுயூ மொழியில் நாவல் எழுதியவர். பிறகு நாட்டைவிட்டு வெளியேற வேண்டிவந்தது. 1986-ல் அவருடைய 'மதிகாரி' கிகுயூ மொழியில் வந்தது. விடுதலைப் போர் முடிந்து காட்டிலிருந்து திரும்பும் மதிகாரி, நாட்டில் உண்மையும் நீதியும் எங்கே கிடைக்கும் என்று ஊர் ஊராகக் கேட்டுப் போகிறான். இந்தக் கதைக்குக் குறிப்பிட்ட நாடு கிடையாது, காலம் கிடையாது என்று ஆசிரியர் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

கிராமங்களில் ஒருவர் படிக்கப் பலர் கேட்டார்கள். டீக்கடையில் பேச்சு, பேருந்தில் பேச்சு. உளவுத்துறைக்குத் தகவல் போனது: மதிகாரி என்று ஒருவன் உண்மையையும் நீதியையும் கேட்டுக்கொண்டு நாடெங்கும் சுற்றுகிறான். அவனைக் கைது செய்ய உத்தரவு பிறந்தது. போலீஸ் தேடிப் போனபின்தான் அவன் புத்தகத்துக்குள் இருக்கிறான் என்று தெரிந்தது. 1987 பிப்ரவரியில் கடைகளில் இருந்த பிரதிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். பெயர் சொல்லாத நாட்டைப் படித்துவிட்டு, 'இது எங்களைப் பற்றித்தான்' என்று ஓர் அரசே எழுந்து நின்று ஒப்புக்கொண்டது.

கூகி அதோடு விடவில்லை. 2006-ல் ஆங்கிலத்தில் வந்த பெரிய நாவலில் அபுரிரியா என்ற சுதந்திரக் குடியரசைப் படைத்தார். அதன் அதிபருக்குப் பிறந்தநாள் பரிசாக வானத்தைத் தொடும் கோபுரம் கட்ட உலகளாவிய வங்கியிடம் கடன் கேட்கிறார்கள். நைஜீரியாவின் சினுவா ஆச்செபியும் ராணுவ ஆட்சியைப் பற்றி எழுத 1987-ல் கங்கான் என்ற நாட்டை உண்டாக்கினார். இவர்கள் யாரும் அடுத்தவன் மண்ணில் கொடி நடவில்லை. தங்கள் வீட்டுக்கே வேறு பெயர் சூட்டினார்கள்.

எந்த ஊர் மீது குண்டு?

2017-ல் ரஷ்யாவும் பெலாரூசும் சேர்ந்து நடத்திய போர்ப்பயிற்சிக்கு எதிரி நாடாக வெய்ஷ்னோரியா என்று ஒன்றை வரைபடத்தில் வரைந்தார்கள். பெலாரூசின் மேற்குப் பகுதியை வெட்டிக் காட்டிய நாடு அது. பெலாரூசிய மொழிப்பற்றும் கத்தோலிக்கர்களும் அதிகம் உள்ள பகுதி. அரசு தங்களைத்தான் எதிரியாக நினைக்கிறது என்று புரிந்துகொண்ட இளைஞர்கள், அந்த நாட்டுக்குக் கொடி செய்தார்கள், வெளியுறவு அமைச்சகம் என்று ட்விட்டரில் கணக்குத் தொடங்கினார்கள். குடியுரிமை கேட்டு ஆயிரக்கணக்கானவர்கள் விண்ணப்பித்தார்கள். தங்களைச் சுட வரைந்த வரைபடத்தையே தங்கள் கொடியாக எடுத்துக்கொண்ட அந்தத் துணிச்சலுக்கு என் வணக்கம்.

1992-ல் டிஸ்னியின் 'அலாவுதீன்' வந்தது. கதை நடக்கும் ஊரை முதலில் பாக்தாத் என்றே வைத்திருந்தார்கள். வளைகுடாப் போரில் பாக்தாத் மீது அமெரிக்கா குண்டு வீசிய பிறகு அந்தப் பெயர் உறுத்தியது. அக்ராபா என்று மாற்றினார்கள். ஊரைக் காட்டுமிராண்டித்தனமாக வர்ணித்த ஒரு பாடல் வரியை, அரபு அமெரிக்கர்கள் எதிர்த்ததால் வீடியோ வெளியீட்டில் திருத்தினார்கள்.

2015 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனம், அக்ராபா மீது குண்டு வீசலாமா என்று வாக்காளர்களிடம் கேட்டது. குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் வாக்களிப்பவர்களில் 30 சதவீதம் பேர் வீசலாம் என்றார்கள். ஜனநாயகக் கட்சியிலும் 19 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். அப்படியொரு நாடு இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. பெயரில் அரபு வாடை அடித்தது, அது போதுமானதாக இருந்தது. பல வருடக் கார்ட்டூன்களும் படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் பாலைவனத்தில் உருவாக்கிய கற்பனை நாடுகளின் மொத்தக் கணக்கு இந்த 30 சதவீதம் என்றே நான் பார்க்கிறேன்.

அவர்களைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. 2015-ல் 'பாகுபலி' வந்தபோது மகிழ்மதியின் பிரம்மாண்டத்தில் நாமெல்லாம் மூழ்கினோம். படையெடுத்து வரும் காலகேயர்களுக்காக மதன் கார்க்கி கிளிக்கி என்ற மொழியையே உருவாக்கினார். சுமார் 750 சொற்கள், 40 இலக்கண விதிகள். அபாரமான உழைப்பு. ஆனால் திரையில் அந்த மக்கள் எப்படி வந்தார்கள்? உடம்பெல்லாம் கரி பூசி, பல் அழுகி, வெறிகொண்டு. அவர்களுடைய ஊர் வரவில்லை. ஒரு குழந்தை வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் வெட்டுப்பட வந்தவர்கள். தன் நிறத்துக்காக உலகமெங்கும் அவமானப்பட்ட ஒரு சமூகம், தன் எதிரியை வரையும்போது கறுப்பு மையைத்தான் தொட்டது. எனக்கு இது வலிக்கிறது.

இனி ராஜா கதைக்கு நாடு வரைய உட்காரும் இயக்குநர்களிடமும் எழுத்தாளர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோட்டைக்குள் இருப்பவர்களுக்கு அரண்மனை கட்டும்போது, எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் ஒரு தெரு போடுங்கள். அந்தத் தெருவில் ஒரு வீடு, வீட்டில் ஓர் அடுப்பு, அடுப்பில் ஏதாவது கொதிக்கட்டும்.